பூ மடித்தவன்

என் அப்பாவின் இதயத்தில் நான்கு வால்வுகள் இருப்பதாகவும் அவற்றில் ஒன்று சரியாகத் திறக்கவில்லை என்றும் திருச்சியில் ஒரு டாக்டர் சொன்னார். வால்வு என்றால் கதவு மாதிரி என்று விளக்கினார். அப்பா இருபத்தெட்டு வருடமாக அரசுப் பேருந்தில் கண்டக்டர். கதவு சரியாகத் திறக்காத வண்டிகளிலேயே காலம் தள்ளியவர். "நாலுல ஒண்ணுதானங்க, மத்ததெல்லாம் ஓடுதுல்ல" என்றார். நானும் அம்மாவும் சிரித்தோம். டாக்டர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டோம்.

டாக்டர் நல்ல மனிதர். மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் இதயத்தைப் படம் போட்டுக் காட்டினார். பலாக்கொட்டை மாதிரி வந்தது. ஆபரேஷன் செய்து வால்வை மாற்றுவது நல்லது என்றார். ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால் ஆபத்தே இல்லையென்று சொல்ல முடியாது என்றார். செய்யாவிட்டால் மாத்திரையில் கொஞ்ச நாள் ஓடும், எவ்வளவு நாள் என்று மட்டும் தன்னைக் கேட்கக் கூடாது என்றார். கடைசியாக, வீட்டில் கலந்து பேசி முடிவெடுத்து வாருங்கள் என்று அனுப்பினார். பத்து வருடம் படித்தவர் எடுக்க முடியாத முடிவை நாங்கள் எடுக்க வேண்டும்.

எங்கள் ஊர் திருமயத்துக்கும் அறந்தாங்கிக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டில் கலந்து பேசுவது எங்களுக்குச் சுலபம். அவரவர் அடுத்தவரைக் கேட்கச் சொல்வோம். அம்மா, அவுக என்ன சொல்றாகளோ அதுதான் என்றாள். அப்பா, மகள் சொல்லட்டும் என்றார். அக்கா மோகனப்ரியா அறந்தாங்கியிலிருந்து வந்து ஒரு நாள் முழுக்க அழுதுவிட்டு, அவங்களைக் கேட்டுச் சொல்றேன் என்றாள். அவங்க என்பது ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் அருள்மணி மச்சான். வீடியோ காலில் வந்தார். அப்பாவை நலம் விசாரித்தார், மழை பெய்ததா என்று கேட்டார். ஆபரேஷன் செய்யலாமா என்று அக்கா கேட்டதும் அவர் முகம் அப்படியே உறைந்து நின்றது. முக்கியமான கேள்வி வரும்போதெல்லாம் ஷார்ஜாவில் நெட்வொர்க் போய்விடும்.

என்னை யாரும் கேட்கவில்லை. நான் இயற்பியல் மூன்றாமாண்டு, இரண்டு அரியர். ஆனாலும் சொன்னேன். ஆபரேஷன் செய்ய வேண்டும். போனில் தேடிப் படித்திருந்தேன். இந்த ஆபரேஷனில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் பிழைக்கிறார்கள். நான்கு வெவ்வேறு இடங்களில் அதையே போட்டிருந்தார்கள். அப்பாவிடம் காட்டினேன். அவர் போனை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தார்.

"மிச்சம் மூணு பேரு யாருடா?"

"அது தெரியாதுப்பா."

"அதைப் போடலையா அதுல?"

போடவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்படி ஒரு மாதம் ஓடியது. அப்பாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிய நிலை மாறி, படியைப் பார்த்தாலே வாங்கத் தொடங்கியது. டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருந்தார்கள். அதற்கும் போக முடியாமல் லீவு போட்டார். ஒரு நாள் காலையில் அம்மா தோசை சுட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "கோயில்ல பூக் கேட்டுப் பாத்துருவோம்."

அப்பா உடனே தலையாட்டினார். அக்கா போனிலேயே நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். ஷார்ஜாவில் நெட்வொர்க் தெளிவாக இருந்தது.

எங்கள் அய்யனார் கண்மாய்க் கரையில் இருக்கிறார். அவரிடம் பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் பொண்ணு கொடுப்பதற்கு, மனை முடிப்பதற்கு, வெளிநாடு போவதற்கு எல்லாம் உண்டு. பூவரசு இலையில் ஒரு வெள்ளைப் பூவை வைத்து மடித்து நாரால் கட்ட வேண்டும். அதே அளவில் இன்னொரு இலையில் ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் அய்யனார் காலடியில் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் செய். சிவப்பு என்றால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. அதை அப்படியே கண்மாயில் எறிந்துவிடுவார்கள். சாமி சொல்லாத பதிலை மனிதன் பார்க்கக் கூடாதாம். இரண்டு பொட்டலத்திலும் வேறு வேறு பதில்தான் இருக்கிறதா என்று யாரும் சோதித்ததில்லை.

மடிப்பவருக்கும் ஒரு விதி உண்டு. அவர் மனதில் எந்தப் பக்கமும் இருக்கக் கூடாது. ஆசையோடு மடித்தால் சாமியின் வாயைக் கட்டிவிட்டதாக ஆகும். அதனால் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் வெளி ஆளைக் கூப்பிடுவார்கள். நாங்கள் பூக் கேட்கப் போன வெள்ளிக்கிழமை யார் மடிப்பது என்று பேச்சு வந்தபோது அம்மா என்னைக் காட்டினாள்.

பூசாரி ராமு வேளார் தயங்கினார். அவர் மற்ற நாட்களில் ஹாலோ பிளாக் கல் போடுபவர். செவ்வாயும் வெள்ளியும்தான் பூசாரி. அவருக்கு என்மேல் பழைய கோபம் ஒன்று இருந்தது. கல்லூரி ஆண்டு மலரில், எங்கள் ஊர் அய்யனாரின் மண்குதிரைக்கு எஃப்.சி. முடிந்து பதினொரு வருடம் ஆகிறது, ஆர்.டி.ஓ. கவனிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதை யாரோ போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். ஊர்க் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்டார்கள். சாமி இல்லை என்று சொல்கிறாயா என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். இன்ஷூரன்ஸும் இல்லை என்று சேர்த்துச் சொன்னேன். அன்றிலிருந்து ஊரில் அதிகாரபூர்வமான நாத்திகன் நான் ஒருவன்தான்.

"இவனையா?" என்றார் ராமு வேளார்.

"இவன்தான் சரி" என்றாள் அம்மா. "இவனுக்குச் சாமியும் இல்ல, பூதமும் இல்ல. இவன் மனசுல என்னத்த இருக்கப் போகுது?"

வேளார் அதை யோசித்தார். யோசிக்க யோசிக்க அதிலிருந்த நியாயம் அவருக்கே பிடித்துப்போனது. இருந்தாலும், ஒரு அமாவாசை கழியட்டுமே என்று மெதுவாக இழுத்தார். அதெல்லாம் வேண்டாம், இன்றைக்கே பார்த்துவிடுங்கள் என்று அம்மா அவசரமாக மறித்துவிட்டாள். அந்த அவசரம் எனக்கு விசித்திரமாகத் தெரிந்தது. அப்போது அதற்குமேல் யோசிக்கவில்லை.

அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் அப்பாவும் நானும் டீக்கடைக்கு நடந்திருந்தோம். நூறடி. மூன்று இடத்தில் நின்றோம். நிற்கும்போதெல்லாம் அவர் எதையாவது பார்ப்பது போல நின்றார், ஒரு முறை கரண்டுக் கம்பத்தை, ஒரு முறை கல்யாணப் போஸ்டரை. மூன்றாவது முறை பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் என்னிடம் பேசினார்.

"செவப்பு விழுந்தா நல்லாருக்கும்டா."

ஏன் என்று கேட்டேன்.

"நெஞ்சை அறுத்து விரிச்சுப் போடுவாங்களாம்ல. பயமா இருக்கு. மாத்திரைன்னா நான் பாட்டுக்கு முழுங்கிக்கிட்டு இருப்பேன்."

"வெள்ளை விழுந்தா என்னப்பா செய்வீங்க?"

"விழுந்தாப் போக வேண்டியதுதான். அப்புறம் எனக்கு என்ன பயம்? கூட்டிட்டுப் போறவன் அவன். கொண்டாந்து எறக்கி விடுறதும் அவன் பொறுப்பு."

ஆக, எல்லாரும் அப்பாவுக்காகப் பூக் கேட்டோம். சிவப்பு விழ வேண்டும் என்று நினைத்தவர் அப்பா ஒருவர்தான்.

மடிக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது. நான் கோயிலுக்குப் பின்னால் போய், மண்குதிரையின் வாலுக்கு அடியில் உட்கார்ந்தேன். மடியில் இரண்டு பூவரசு இலை, தண்ணீரில் நனைத்த வாழைநார், ஒரு நந்தியாவட்டை, ஒரு செவ்வரளி. முதலில் நந்தியாவட்டையை மடித்துக் கட்டினேன். அரளியை இலையில் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

எனக்குப் பக்கமே இல்லை என்று அம்மா சொன்னது தப்பு. என் பக்கம் தொண்ணூற்றேழு. அதை நான் அவர்கள் அய்யனாரை நம்புவதைவிடக் கெட்டியாக நம்பினேன். ஒரு மனிதன் உயிரோடு இருப்பதா இல்லையா என்பதை இரண்டு இலைக்கு விட்டுவிட முடியாது என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அது சரி என்றுதான் தோன்றுகிறது, அதுதான் இதில் மோசமான விஷயம். குதிரைக்குப் பின்னாலேயே நந்தியாவட்டைச் செடி இருந்தது. ஒன்று பறித்தேன். அரளியைக் கண்மாய்ப் பக்கம் கருவேல முள்ளுக்குள் எறிந்தேன். இரண்டு பொட்டலத்தையும் எடை பார்ப்பது மாதிரி இரண்டு உள்ளங்கையிலும் வைத்துப் பார்த்தேன். ஒரே மாதிரி இருந்தன. இருக்காமல் என்ன?

ராமு வேளார் மணியடித்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் கையை அந்தரத்தில் சுற்றிவிட்டு ஒன்றை எடுத்தார். பிரித்தார். வெள்ளை.

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா குலவையிட்டாள். இன்னொரு பொட்டலம் கண்மாயில் விழுந்து, கொஞ்ச தூரம் மிதந்து போனது. அது கரையோரம் ஒதுங்கி அவிழ்ந்துவிடக் கூடாதே என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா அய்யனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "சரி, அப்ப என்னைக்குப் போகலாம்?" என்றார். கோயில் படியில் அவர் நிற்காமல் இறங்கியதைக் கவனித்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின அந்தப் பத்து நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. இரவில் தூங்கினார். டிப்போவுக்குப் போய் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். திருச்சிக்குப் போகும் பேருந்தில், டிக்கெட் கொடுத்த புதுப் பையனுக்குச் சில்லறையை விரலிடுக்கில் பிடிக்கும் முறையைக் கற்றுக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் அதே ஆபரேஷனுக்கு வந்திருந்த ஒரு இலுப்பூர்க்காரர் பயத்தில் சாப்பிடாமல் கிடந்தார். அப்பா அவருக்குத் தைரியம் சொன்னார். நான் தொண்ணூற்றேழு சொல்லி ஒரு மாதத்தில் வராத தைரியம், ஒரு நந்தியாவட்டையில் வந்துவிட்டது. அதை வைத்தது யார் என்பது அந்தத் தைரியத்துக்குத் தேவைப்படவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நோயாளிக்கு என்ன நேர்ந்தாலும் ஆஸ்பத்திரி பொறுப்பல்ல என்பதை நான்கு பக்கத்துக்கு மரியாதையாக எழுதியிருந்தார்கள். அப்பா போட்டார். கீழே உறவினர் ஒருவரும் போட வேண்டும். அம்மா என் பக்கம் தள்ளினாள். பெயர், கார்முகில். உறவு, மகன். போட்டேன். டாக்டர் என் தோளைத் தட்டி, "நாங்க எங்க வேலையைச் செய்றோம், மத்தது மேல இருக்கிறவன்" என்றார். எனக்குத் தெரிந்து அந்தக் கட்டிடத்தில் தன் முடிவுக்கு மேலே யாருமே இல்லாமல் நின்றுகொண்டிருந்த ஆள் நான் ஒருவன்தான்.

தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோனபோது அப்பா, தள்ளுகிற ஆளைப் பார்த்து "ரைட்டு, போலாம்" என்றார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மூன்றாம் நாள் இட்லி சாப்பிட்டார். ஐந்தாம் நாள் நடக்க வைத்தார்கள். ஊரில் செய்தி பரவி, எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் பூக் கேட்க நாள் குறித்தார்கள். மடிப்பதற்கு என்னைக் கேட்டு வைக்கச் சொல்லி அம்மாவுக்குப் போனில் சொன்னார்கள். எனக்குக் கைராசியாம். நான் சிரித்தேன். உண்மையில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒன்பதாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் கிருமி தொற்றியிருக்கிறது, சர்க்கரை இருப்பதால் மருந்து மெதுவாகத்தான் கேட்கும் என்றார்கள். பதின்மூன்றாம் நாள் அதிகாலையில் இறந்துபோனார். போனில் நான் தேடிய நான்கு இடத்திலும் போட்டிருக்காத அந்த மூன்று பேரில் ஒருவர் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பந்தலுக்குள் ஒரு சங்கடம் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அய்யனார் செய் என்று சொன்ன ஆபரேஷன் இது. வந்தவர்கள் எல்லாரும் ராமு வேளாரைப் பார்த்தார்கள், பிறகு வேறு பக்கம் பார்த்தார்கள். வேளார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஆபரேஷன் பண்ணலாமான்னுதான நாம கேட்டோம். பண்ணுன்னாரு. பண்ணுனாங்க, நல்லா முடிஞ்சுது. காய்ச்சலைப் பத்தி நாம கேக்கவே இல்லையே."

பந்தல் முழுக்க மூச்சு விட்டது. சட்டம் படித்திருந்தால் அவர் எங்கேயோ போயிருப்பார். அதற்குப் பிறகு எல்லாருக்கும் பேச வந்துவிட்டது. தன்னிடம் கூப்பிடுவதென்று சாமி முடிவு செய்துவிட்டால் உத்தரவு கொடுத்துத்தானே கூப்பிடுவான் என்று ஒருவர் சொன்னார். இல்லாவிட்டால் அந்த மனுசன் இன்னும் எத்தனை நாள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்திருப்பாரோ என்றார் இன்னொருவர். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். யாரையும் திட்டவில்லை. டாக்டரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அய்யனாரை அவள் அய்யா என்பாள். அய்யா சொல்லித்தானே அவுக போனாக, என்றாள். அதை அன்றைக்கு மட்டும் நாற்பது தடவை சொல்லியிருப்பாள். அக்கா அவள் மடியில் படுத்து அதையே கேட்டுக்கொண்டு தூங்கினாள். பந்தலில் தூங்காமல் கிடந்தவன் நான்.

கருமாதி முடிந்தது. அருள்மணி மச்சான் வந்து ஐந்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். அக்காவும் அறந்தாங்கிக்குப் போனாள். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மா நேரத்துக்குச் சமைத்தாள், சாப்பிட்டாள், சாயங்காலம் விளக்கேற்றினாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அவள் உடைந்து அழுதிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே, வரும் புரவியெடுப்புத் திருவிழாவில் அய்யனாருக்கு ஒரு மண்குதிரை வைக்க வேண்டும் என்றாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் வைப்பதாக அப்பா வேண்டியிருந்தாராம். முடிந்ததுதானே, வேண்டுதலைப் பாக்கி வைக்கக் கூடாது என்றாள்.

அப்பாவைக் கொன்றதற்குக் குதிரையா என்று கேட்டேன்.

"அப்படிப் பேசாத தம்பி. அய்யா சொல்லித்தானே..."

"அய்யா ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன். ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வச்சேன்."

உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று ஒரு நிமிடம் திமிராகக்கூட இருந்தது. ஓங்கி அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்தால் தேவலை என்றிருந்தது. அம்மா கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டாள்.

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்ப எனக்கு விழுந்ததுதான் நெசம்."

எனக்குப் புரியவில்லை. துண்டு துண்டாகச் சொன்னாள். நாங்கள் எல்லாரும் போய்ப் பூக் கேட்பதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டு அவள் தனியாகக் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவளே மடித்து, அவளே வேளாரிடம் கொடுத்திருக்கிறாள். விழுந்தது சிவப்பு. அவளுக்கு அப்பா மூச்சு வாங்குவதைப் பார்க்க முடியவில்லை, ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று இருந்தது. மனதில் பயத்தை வைத்துக்கொண்டு மடித்ததால்தான் சிவப்பு விழுந்தது என்று அவளாகவே தீர்மானித்தாள். ஒரு அமாவாசை கழியாமல் இரண்டாம் தடவை கேட்கக் கூடாது என்று வேளார் சொல்லியிருக்கிறார். அவர் காலில் விழுந்து, வெள்ளிக்கிழமைக்குச் சம்மதிக்க வைத்திருக்கிறாள்.

"மனசுல எதுவும் இல்லாதவன் மடிச்சா அய்யா சரியாச் சொல்லுவாருன்னுதான் ஒன்னைய மடிக்கச் சொன்னேன். வெள்ளை விழுந்ததும், மொத விழுந்தது என் பயம்தான்னு நெனச்சேன். அவரு வேணாம்னு சொல்லிட்டாரு தம்பி. சொன்னதைக் கேக்காம நான்தான் ஒங்கப்பாவக் கொண்டுபோயிக் குடுத்துட்டேன்."

என்மேல் ஒரு சொல் விழவில்லை. இவ்வளவு பெரிய குற்றத்தை ஒப்புக்கொண்டும் அந்த வழக்கில் எனக்குச் சாட்சிக் கூண்டில்கூட இடமில்லை. எல்லாம் அவளுக்கும் அய்யனாருக்கும் நடுவில். நான் இடையில் இருந்த ஒரு வெள்ளைப் பூவை மட்டும் உருவிவிட்டேன். இப்போது அவளிடம் மிச்சமிருப்பது சிவப்பு.

நான் வாதாடினேன். இரண்டில் ஒன்று விழுவது நாணயத்தைச் சுண்டிப் போடுவது மாதிரி என்றேன். கிருமி எப்படித் தொற்றுகிறது, சர்க்கரை என்ன செய்கிறது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். தொண்ணூற்றேழைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளிநாட்டிலிருந்து வந்த ஆள் ஏதோ பேசுவதைக் கேட்பது போல, மரியாதையாக.

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. திங்கட்கிழமையும் சாப்பிடவில்லை. விளக்கேற்றவில்லை. அப்பாவின் காக்கிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் பையைத் தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பக்கத்து வீட்டு ராக்காயி அத்தை வந்து என்ன என்று கேட்டதற்கு, நான் அவுகளைக் கொன்னுட்டேன்டி என்று சாதாரணமாகச் சொன்னாள், உப்பு தீர்ந்துவிட்டது என்பது மாதிரி. அத்தை என்னைப் பார்த்தாள். நான் வாசலுக்குப் போய்விட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணீர் பிடிக்க எழுந்தவள், குடத்தோடு குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு வந்தேன். அக்கா சின்ன வயதில் பாவாடை சுற்றிய மரப்பாச்சி மாதிரி எடையே இல்லாமல் இருந்தாள்.

அவளைப் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"அம்மா, நான் சொன்னது பொய்ம்மா."

கண்ணைத் திறந்தாள்.

"குதிரை வைக்கணும்னு சொன்னியா, கோவம் வந்துருச்சு. அதான் அப்படிச் சொல்லிட்டேன். ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு. நீ குடுத்த பூவைத்தான் வச்சேன்."

வெகுநேரம் என் முகத்தைப் படித்தாள். நான் பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அரியரை மறைத்தபோதெல்லாம் தெரிந்திருக்கிறது.

"சூடம் அடிப்பியா?"

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. சூடத்தைக் கொளுத்தி, எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்யாக அடித்தால் அந்தக் கை விளங்காமல் போகும். பங்காளிச் சண்டையில், திருட்டு வழக்கில், இந்த இடத்தில்தான் பாதிப் பேர் பின்வாங்குவார்கள். அம்மா தானாகவே எழுந்தாள். சாமி அலமாரியில் இருந்து சூடத்தை எடுத்து, அப்பா படத்துக்கு முன்னால் தரையில் வைத்தாள். மூன்று வில்லை. ஒன்று போதும் என்றேன். தீப்பெட்டியை என்னிடம் நீட்டினாள். தீக்குச்சியை நான்தான் உரசினேன்.

"அய்யனார்மேல சத்தியமா," என்றேன், "ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு."

சட்டென்று அடித்து எடுத்தால் சுடாது. தீயைத் தொடும் நேரம் குறைவு, அவ்வளவுதான், இயற்பியல். நான் கொஞ்சம் மெதுவாக அடித்தேன். கையை எடுக்கவும் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கவில்லை. சூடக் கரியைத் தொட்டுத் தன் நெற்றியில் பூசிக்கொண்டாள், பிறகு என் நெற்றியில். நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம்பியாக வேண்டியிருந்தது. உலை வைத்தாள். ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, மூன்று நாள் பசியையும் ஒரே தட்டில் சாப்பிட்டாள். சாப்பிட்ட கையோடு அக்காவுக்குப் போன் போட்டாள். புரவியெடுப்புக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று மச்சானைக் கேட்கச் சொன்னாள், குதிரைக்கு ராமு வேளாரிடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி இப்ப ரொம்ப மாறிட்டான்டி. அய்யா மேல சத்தியமெல்லாம் பண்றான். ஒங்கப்பா போயித்தான் அவனுக்குச் சாமி வரணும்னு இருந்திருக்கு."

நான் கொல்லையில் வாளித் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றிருந்தேன். தண்ணீர் சூடாகிக்கொண்டே வந்தது. வேறு வாளி பிடித்தேன்.